புளிநீரில் குளித்த ராணி

அந்தப் பளிங்கு ராணிக்கு என்ன வயது இருக்கும்? இரண்டு நாள் பார்த்தும் என்னால் சொல்ல முடியவில்லை. பதினாறு என்றால் கண்கள் ஒத்துக்கொள்ளவில்லை. இருபத்தைந்து என்றால் கன்னம். பீடத்தில் பெயரும் இல்லை. மைசூரில் ஒரு பழைய நூலக வராந்தாவில், மார்பளவு செதுக்கிய இந்தச் சிலை இருப்பதாக அதே ஊரின் விஜயநகர் பகுதியில் வசிக்கும் தோழி படம் அனுப்பினாள். படங்களை நான் நம்புவதில்லை. ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை கிளம்பிவிட்டேன்.

கோவையிலிருந்து சத்தியமங்கலம், சாம்ராஜநகர் வழியாகப் பேருந்து. ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர். காலை 6.10க்கு ஏறி 12.05க்கு இறங்கினேன். திம்பம் வளைவுகள் வயிற்றைப் புரட்டும். இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நூலகம் இருக்கும் மண்டி மொஹல்லாவுக்கு ஆட்டோ அறுபது ரூபாய். ஓட்டுநர் தமிழர்.

“ராணி சிலை பாக்கவா கோயம்புத்தூர்ல இருந்து வந்தீங்க? அரண்மனை அந்தப் பக்கமாச்சே மேடம்?”

“அதைப் பார்த்தாச்சு.”

“சரி, உங்க இஷ்டம்.”

வராந்தாவில் ஒரு பெண்மணி ராணியின் கன்னத்தை அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கிண்ணத்தில் ஊறவைத்த புளி. செல்வி, தமிழ்நாட்டு எல்லையோர ஹனூர்க்காரர், நூலகத்தைப் பெருக்கித் துடைப்பவர். வெள்ளிக்கிழமைக்குக் குத்துவிளக்கு துலக்குவதுபோல, பதினோரு வருடமாக வியாழன்தோறும் ராணிக்கும் புளி போடுகிறாராம். மறுநாள் குங்குமம்.

“நம்மூருங்களாக்கா? பேச்சுலயே தெரியுதுங்க. நான் வந்தப்ப இந்தப் புள்ள மூஞ்சி கண்ணாடியாட்டம் மின்னுமுங்க. இப்ப எத்தன தேச்சாலும் மங்கிட்டே போவுது. கல்லு கெட்டுப்போச்சுன்னு செயலாளரு நாளைக்குக் கெடங்குல போட்டுப் பூட்டறாராமா. இன்னைக்கு நல்லாத் தேச்சுட்டா உட்டுருவாருன்னு பாக்கறனுங்க.”

நான் படித்தது வேதியியல். புளியின் அமிலம் பளிங்கைக் கரைக்கும். சுவரோரம் இருந்த இடக்காதின் ஜிமிக்கி கூர்மையாக இருந்தது. கை எட்டும் வலப்பக்கத்து ஜிமிக்கி, சப்பிய மிட்டாய்போல மழுங்கியிருந்தது. அடுத்தவர் விஷயத்தில் தலையிடும் பழக்கம் எனக்கில்லை. படியில் உட்கார்ந்து பத்து நிமிடம் யோசித்தேன். பிறகு சொன்னேன்.

“பித்தளைக்குப் போடறதுதானுங்களே?”

“பித்தளைக்குச் சரிங்க. இது சுண்ணாம்புக் கல்.”

செல்வி கையை எடுத்துவிட்டார். “அப்ப நாந்தான் அவ மூஞ்சிய அழிச்சனுங்களா?”

ஆமாம் என்று தலையை அசைத்தேன். “செயலாளருகிட்டச் சொல்லுவீங்களா?” என்றார். மாட்டேன் என்றேன். அவர் புளித்தண்ணீரைச் சாக்கடையில் கொட்டிவிட்டு வந்து, தன் தூக்குப்போசியைத் திறந்தார். “மணி ஒன்னாச்சு. சாப்புட்டுத்தான் போவோணும்.” ராகிக் களியில் பாதி எனக்கு. அப்படியொரு செய்தி கொண்டுவந்தவளுக்குச் சோறு போடுகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

போகிறவர்களுக்கு: நூலகம் பத்து முதல் ஐந்துவரை, ஞாயிறு விடுமுறை. செருப்பை வெளியே விடவும். சிலையைத் தொடாதீர்கள், செல்வியிடம் பேசுங்கள்.

மறுநாள் காலை 10.20க்குப் போனேன். வராந்தாப் பீடம் காலியாக இருந்தது. உள்ளேயிருந்து செல்வி கூப்பிட்டார்.

“நானே சொல்லிட்டனுங்கக்கா. அரமணி நேரம் கத்துனாரு. அப்பறம், கல்லு தானாக் கெடலன்னா கெடங்கு எதுக்கு, படிக்கற ரூம்லயே வையின்னுட்டாரு. இனி வெறுந்தண்ணி, பஞ்சுத் துணி. தொடைக்கறது நாந்தான்.”

வாசிப்பறை ஜன்னலோரம் ராணி இருந்தாள். செல்வி குங்குமம் தொட்ட விரலை அவள் நெற்றிவரை கொண்டுபோய், தொடாமல் நிறுத்தினார். அதைத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். மிச்சத்தை, கேட்காமலே, என் நெற்றியில் வைத்தார். கோவை வந்து சேரும்வரை நான் அதைத் துடைக்கவில்லை.