ஊறுகாயோடு காய்ந்த புகையிலை

தேவனூர் நாடு என்ற மலைப்பகுதியில் கால்நடை ஆய்வாளராக இருக்கும் சவரிமுத்துவுக்கு ஒரே ஆடம்பரம், ஞாயிறு பூசை முடிந்து வந்து பிடிக்கும் ஒரு பைப். எட்டு வருஷம் இருட்டில் கிடந்தால்தான் ருசி பழுக்கும் என்று, வர்ஜீனியா புகையிலையைக் கண்ணாடி ஜாடியில் அடைத்துச் சமையலறைப் பரணில் வைத்திருந்தார். கெடு முடிந்த ஞாயிறன்று ஜாடியை இறக்கினார். பொன்னிறமாக வைத்த புகையிலை கருத்துக் கிடந்தது.

“ரோஸ்லின், இதை யாரு தொட்டது?” என்று கத்தினார்.

அவர் மனைவி நிதானமாக வந்தாள். “நாந்தானுங்க. வருஷா வருஷம் நார்த்தங்காய் ஊறுகாயை வெயில்ல வைக்கறப்ப இதையும் சேர்த்து வச்சேன். இல்லாட்டி இந்த மலை ஈரத்துக்குப் பூஞ்சணம் புடிச்சிருமுங்களே.”

எட்டு வருஷமும் பாழ் என்று பல்லைக் கடித்துக்கொண்டே பற்றவைத்தார். முதல் இழுப்பில் உலர்ந்த திராட்சையின் இனிப்பு நாக்கில் இறங்கியது. அடுத்ததில் காய்ந்த பலாச்சுளையின் வாசம். மூன்றாவது இழுப்பில் கோபம் போன இடம் தெரியவில்லை. பைப் அணையும்வரை ரசித்து இழுத்தார்.

மறுநாள் காலை ரோஸ்லின் ஊறுகாய் ஜாடிகளோடு மொட்டைமாடிக்கு ஏறினாள். நல்ல வெயில் விழும் இடத்தைப் புதிதாக ஒரு புகையிலை ஜாடி முன்பே பிடித்திருந்தது.