ஈர வேட்டியோடு சொன்ன கல்யாணம்

அக்கா கல்யாணத்துக்குச் சுற்றுப்பட்டு ஊர்களில் பத்திரிகை வைக்க என்னைத்தான் சைக்கிளில் அனுப்பினார்கள். சங்கரன்கோவிலிலிருந்து கிளம்பினால் வீடு திரும்ப நாலைந்து நாளாகும். அம்மா போர்வை, முறுக்கு, நாலு வேட்டி என்று கட்டி வைத்தாள். யுத்தம் முடிந்தும் துணிக்கு ரேஷன் இருந்த காலம். அந்த நாலில் இரண்டு அப்பாவுடையவை. அவர் மூட்டையைப் பிரித்து எல்லாவற்றையும் வெளியே எடுத்தார். பாரம் ஏற்றினால் உடைமுள் காட்டில் டியூப் தாங்காது, உருட்டிக்கொண்டு நடக்கப்போவது நீதான் என்றார். கடைசியில், உடுத்தியது போக ஒரு வேட்டி, ஒரு சட்டை, ஒரு துண்டு, சோப்புத் துண்டு ஒன்று, இவ்வளவுதான் மிஞ்சியது.

அம்மா தெருமுனை வரை கூடவே வந்தாள். குருவிகுளத்துக்கு அந்தப்பக்கம் இருந்த தன் அண்ணன் வீட்டை மட்டும் விட்டுவிடாதே என்றாள். ஒரு கிணற்றுத் தண்ணீர்ப் பங்கில் அவருக்கும் அப்பாவுக்கும் பேச்சு முறிந்து வருஷக்கணக்காகியிருந்தது. அதோடு அம்மாவிடமும் அவர் பேசுவதை விட்டுவிட்டார். அவரை அழைக்க அப்பா படியேற மாட்டார். தாய்மாமன் மாலை விழாமல் மகள் மணையில் உட்காருவாளோ என்று அம்மா பல நாள் தூங்கவில்லை.

குறைந்த துணியோடு ஊர் சுற்றுவதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்தது. சாயங்காலம் தங்குகிற வீட்டுக் கிணற்றடியில் துவைத்துப் போட்டால், கரிசல் காட்டுக் காற்றில் விடிவதற்குள் மொடமொடவென்று காய்ந்துவிடும். அந்தக் காற்றை நினைத்தால் இப்போதும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது.

கடைசி நாள் மாமா ஊரை நெருங்கும்போது ஓடையில் சறுக்கி விழுந்தேன். பத்திரிகைப் பையைக் கையில் தூக்கிப் பிடித்துக் காப்பாற்றிவிட்டேன். மற்றதெல்லாம், கேரியரில் இருந்த மாற்றுத் துணி உள்பட, கரிசல் சேறு. வழியில் ஒரு தோட்டத்துக் கிணற்றில் அத்தனையையும் அலசினேன். சட்டைகளையும் ஒரு வேட்டியையும் கேரியரில் விரித்தேன். இன்னொன்று உடம்பிலேயே காயட்டும் என்று ஈரத்தோடு கட்டிக்கொண்டு மிதித்தேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

வாசலில் சுளகில் தானியம் புடைத்துக்கொண்டிருந்த அத்தை என்னைப் பார்த்தாள். நாலு நாள் தாடி, வெற்றுடம்பு, ஈர வேட்டி. கொள்ளி வைத்துவிட்டுக் குளித்து வருகிறவன் கோலம். சுளகு கைநழுவியது. அவள் போட்ட சத்தத்தில் மாமா வெளியே ஓடி வந்தார். எனக்கோ மூச்சு வாங்கியது, பேச்சு வரவில்லை. தங்கைதான் போய்விட்டாள் என்று நினைத்து அவர் தெருமண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"தாயி, ஒங்கிட்டப் பேசாமலே இருந்துட்டனே. வெறும் தண்ணிக்காவ இருந்துட்டனே."

தலையில் அடித்துக்கொண்டு அழுதார். தெருவே கூடிவிட்டது. ஒருவழியாக மஞ்சள் தடவிய பத்திரிகையை நீட்டி, கல்யாணத்துக்குச் சொல்ல வந்தேன் மாமா, அம்மா நன்றாக இருக்கிறாள் என்றேன். அவர் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார். பிறகு கூட்டத்தை விரட்டினார். உள்ளே போய்த் தன்னுடைய சலவை வேட்டி ஒன்றை எடுத்துவந்து என் மேல் எறிந்தார்.

"இதக் கட்டிட்டுத் தெருமுக்குல இருந்து முறையா வந்து சொல்லுலே."

அப்படியே செய்தேன். திரும்பி வந்தபோது மாமா முகம் கழுவி, திருநீறு பூசி வாசலில் நின்று, வாங்க மருமகனே என்று கைகூப்பினார். பத்திரிகையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கிளம்பும்போது மட்டும், அழுததை அவளிடம் சொல்லாதே என்றார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதைத்தான் சொன்னேன். அம்மா சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு இன்னொரு தடவை சொல் என்றாள். மாமா மாலையோடு வந்து, கல்யாணம் முடிந்து, பேரப்பிள்ளைகள் பிறந்த பிறகும் கேட்டுக்கொண்டே இருந்தாள். நானும் அலுக்காமல் சொன்னேன்.

அம்மாவுக்கு முன்பே மாமா போய்விட்டார். அம்மா இறந்தபோது வந்தவர்கள், அழுவதற்குக் கூடப்பிறந்தவன் இல்லாமல் போனானே என்று குறைப்பட்டார்கள். அவர் அழுதாயிற்று, அவளும் அதைக் கேட்டாயிற்று என்று நான் சொன்னேன். துக்கத்தில் ஏதோ உளறுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.