மூடித் திறந்து பார்க்காத நிபுணர்

செஞ்சியில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு நோயாளிப் பதிவேட்டு நிரலைப் பழைய விஷுவல் பேசிக் நிரல்மொழியில் எழுதிக் கொடுத்தவள் நான். பல ஆண்டுகள் அது ஓடியது. அண்மையில் அதைப் புதிய பதிப்புக்கு மாற்றச் சென்னையிலிருந்து ஒரு நிபுணரை மருத்துவர் வரவழைத்தார். வந்தவர் மாற்றுக் கருவி ஒன்றை ஓட்டினார். பிழையில்லை என்று அது சொன்னதும் தேநீர் குடிக்கப் போனார். அவருடைய ஆய்வு அத்துடன் நிறைவுற்றது.

நான்காம் நாள் ஊசி போட்டுக்கொண்ட ஒருவருக்கு உடலெங்கும் தடித்துவிட்டது. "இந்த மருந்து ஒத்துக்காதுன்னு முந்தாநாளே சொன்னேனே" என்றார். பதிவில் அப்படியொரு குறிப்பே இல்லை. பதிவு செய்யும் பெண், சிங்கவரத்திலிருந்து சைக்கிளில் வருபவள், குறிப்பைப் போட்டதாகச் சொன்னாள். "யூசர் மிஸ்டேக் டாக்டர்" என்றார் நிபுணர், திரையைப் பார்க்காமலே. இந்த வாரத்தோடு நின்றுகொள்ளும்படி மருத்துவர் அவளிடம் சொல்லிவிட்டார்.

மாலையில் என் வீட்டுக்கு வந்தாள்.

"போட்டேன்க்கா. நீங்க கத்துக்குடுத்த மாதிரிதான்."

"போட்டுட்டு எதை அமுக்கின?"

"இன்னாத்த அமுக்குறது? எழுதிட்டு அடுத்த ஆளுக்குப் போயிடுவேன்."

எனக்கு விளங்கிவிட்டது. பழைய நிரலின் ரெக்கார்ட்செட் என்னும் பதிவுத் தொகுப்பு தரவுத்தளத்தோடு பிணைந்தே இருக்கும். அடுத்த பதிவுக்கு நகர்ந்தாலே திருத்தம் உள்ளே போய்விடும். புதிய பதிப்பில் அதன் இடத்துக்கு வந்த டேட்டா டேபிள் நினைவகத்தில் இருக்கும் வெறும் நகல். சேமிக்கும்படி தனியே ஆணையிடாவிட்டால், நிரலை மூடியதும் எல்லாம் போய்விடும். சேமிக்கும் பொத்தானை நானும் வைத்ததில்லை. ஏன் வைக்கவில்லை என்று நிரலில் ஒரு வரி விளக்கம் எழுதியதுமில்லை. அந்தச் சோம்பல் என்னுடையது. வேலை போவது மட்டும் அவளுடையது.

மறுநாள் அவளோடு மருத்துவமனைக்குப் போனேன். எல்லோர் முன்னிலையிலும் ஒரு குறிப்பை எழுதி, அடுத்த பதிவுக்குப் போய்த் திரும்பினாள்.

"பாருங்க மேடம், இருக்குது" என்று புன்னகைத்தார் நிபுணர்.

"மூடிட்டுத் திறங்க."

திறந்தார். குறிப்பு இல்லை.

"கருவி எரர் எதுவும் காட்டலையே..."

"கருவிக்கு யாரும் ஊசி போடுறதில்லையே" என்றேன்.

மருத்துவர் தொண்டையைச் செருமினார். "சரி, சாப்ட்வேர்ல ஏதோ கோளாறு. நீ வேலையப் பாரும்மா."

அவள் அசையவில்லை. நிபுணரிடம் திரும்பினாள்.

"என் தப்புன்னு சொன்னது நீங்கதான சார்? இல்லைன்னும் நீங்களே சொல்லுங்க."

அவர் விசைப்பலகையிடம் எதையோ முணுமுணுத்தார்.

"இன்னா சார், கேக்கல."

"அவங்க தப்பில்ல, டாக்டர்."

அதன்பிறகே அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டாள்.