மேசைக்கு மேலே, மேசைக்குக் கீழே

பேனையை மூடுவதற்கு முன் தாளை ஒருமுறை உரத்து வாசித்துக் காட்டுவது றினோஸாவின் பழக்கம். "கேட்டுக்கொள்ளுங்கோ, இது உங்கட வாய்ச்சொல்லுத்தான். நான் நேராக்கி எழுதினனான், அவ்வளவுதான்."

பிரதேச சபை வாசல், வேப்பமர நிழல், ஒரு நீலப் பிளாஸ்டிக் கதிரை, மடியில் ஒரு பலகைத்துண்டு. பத்து வருடமாக அவருடைய கந்தோர் இதுதான். மறிச்சுக்கட்டியிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்குவார். மனு, பெட்டிசம் என்று எது எழுத வேண்டுமென்றாலும் சுற்றுவட்டாரச் சனம் இவரைத்தான் தேடும்.

வெளிவாரிப் பட்டத்துக்கு வரலாறு படித்த பெண். படித்ததில் ஒன்றை மட்டும் உடும்புப்பிடியாக வைத்திருக்கிறார்: அடிமைகளை விடுவிக்கச் சொல்லி அந்தக்கால அமெரிக்க மாநிலச் சட்டசபைகளுக்குப் போன மனுக்கள். எழுத வருகிறவர்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அந்தக் கதையைக் கேட்டே தீர வேண்டும்.

"சில சபை வாசிச்சுப்போட்டு மேசையில வைக்கும், பிறகு ஒருத்தரும் தொடமாட்டினம். சில சபை குழுவுக்கு அனுப்பும், குழு பிறகு பாப்பம் எண்டும். வேர்ஜினியாவில, 1785ல, மேசைக்குக் கீழ எறியுங்கோ எண்டே ஒருத்தர் சொன்னவர்! எங்கட ஆக்கள் மேலயாவது வைக்கினம்." சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். எனக்கு அந்தச் சிரிப்பு மிகவும் பிடிக்கும். அதைக் கேட்பதற்கென்றே நான் அந்தப் பக்கம் போவதுண்டு.

போன கிழமை பாத்தும்மா வந்திருந்தார். கடலோரக் கிராமம். ரோட்டு மதகு உடைந்ததிலிருந்து ஊருக்குள் பஸ் வருவதில்லை. உயர்தரம் படிக்கும் மகள் ஸஹ்றா பள்ளிக்கூடத்தை விட்டுவிடுவாளோ என்று தாய்க்குப் பயம். மதகைத் திருத்தச் சொல்லி நாலு பெட்டிசம் கொடுத்தாயிற்று, இது ஐந்தாவது. கதையைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை.

"மேசையில கிடந்தா என்ட மகள் எப்பிடி ராத்தா பள்ளிக்குப் போறது? அந்த அமெரிக்காக்காரர் பெட்டிசத்தைக் குடுத்திட்டு வீட்ட போனவங்களோ?"

றினோஸாவின் சிரிப்பு நின்றது. "இல்ல. குவேக்கர் எண்டு ஒரு சமயக்காரர். சபைக்காரரைத் தேடிப்போய் நேருக்கு நேர கதைச்சவை" என்றார் மெதுவாக.

பத்து வருடத்தில் ஒரு சபைக் கூட்டத்துக்கும் அவர் உள்ளே போனதில்லை. அது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

உள்ளே சபை கூடுகிற நேரம். தாளைப் பாத்தும்மாவின் கையில் கொடுத்தார். கதிரையைத் தூக்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டு முன்னால் படியேறினார்.