அஞ்சலையம்மாளின் சிலேட்டு

ராயபுரத்துக்குப் போன புதிதில் எனக்கு விளங்காத காரியம் ஒன்று இருந்தது. காலையில் கதவைத் திறப்பவர்கள் நம் ஊரைப்போல வானத்தை அண்ணாந்து பார்ப்பதில்லை. தெற்கே, துறைமுகத்துக் கொடிமரத்தைப் பார்க்கிறார்கள். ஐப்பசி பிறந்துவிட்டால் தெருவில் ஒருவரை ஒருவர் விசாரிப்பதே “கூண்டு ஏத்திகீறானா?” என்றுதான். நானும் எங்கோ ஒரு கிளிக்கூண்டு தொங்குகிறதாக்கும் என்று இரண்டு நாள் தேடினேன். கடலில் புயல் கூடினால் அந்தக் கம்பத்தில் கறுப்பாகக் கூண்டு ஏற்றுவார்கள், அதன் வடிவத்தைப் பார்த்தே ஆபத்து எவ்வளவு என்று கரையில் உள்ளவர்கள் தெரிந்துகொள்வார்கள் என்று அண்ணன் கடைக்கு வந்த ஒருவர் பிறகு சொன்னார். நாம் மழை வராதா என்று ஏங்கி வானத்தைப் பார்க்கிறவர்கள். அவர்கள் மழைக்குப் பயந்து கம்பத்தைப் பார்க்கிறவர்கள். அந்தக் கம்பத்தைப் பார்த்து நானும் நடுங்கிய மூன்று நாட்களைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

என் அண்ணன் அங்கே மளிகைக் கடை வைத்திருக்கிறான். கடைக்குப் பின்னால் இரண்டு அறைகள். ஒன்றில் அண்ணனும் மதினியும், மற்றதில் அரிசி மூட்டைகளோடு நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா கைநாட்டு, அம்மா கைநாட்டு, அண்ணனுக்குத் தன் பெயரைத் தவிர வேறு எழுத வராது. பள்ளி இறுதி வகுப்பில் தேறிய தாளை என் டிரங்குப் பெட்டியில் இருக்கிற ஒரே பட்டுச் சேலைக்குள் மடித்து வைத்திருக்கிறேன். பெருமைக்காகத்தான் இதைச் சொல்கிறேன். நடந்ததற்கெல்லாம் அந்தப் பெருமைதான் காரணம்.

மீனவர் தெருக்கள் முடியும் இடத்தில், பழைய கிடங்கு ஒன்றைச் சுத்தம் செய்து பொதுக்கூடம் ஆக்கியிருந்தார்கள். வயதானவர்களுக்காகவே ஏற்பட்ட கூடம். இப்படி ஒன்றை நம் தெற்கத்தி ஊர்களில் யாரும் கண்டிருக்க மாட்டார்கள். அறுபது வயதானவர்கள் அங்கே தாயம் ஆடுகிறார்கள், ரேடியோ கேட்கிறார்கள், ஒருவர் பத்திரிகை படிக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து வம்பு பேசுகிறார்கள். சனிக்கிழமையில் பஜனை. பிற்பகல் இரண்டு மணிக்கு எழுத்து வகுப்பு. மீன் விற்று முடித்த பெண்கள் கையைக் கழுவி, வெற்றிலையை ஒரு கன்னத்தில் அடக்கிக்கொண்டு வந்து உட்காருவார்கள். சொல்லிக்கொடுக்க ஆள் தேடியபோது நானாகப் போய் என் பெயரைக் கொடுத்தேன்.

முதல் நாள், சிலேட்டில் எழுதுவதை நான் குச்சி என்றேன், அவர்கள் பலப்பம் என்றார்கள். என் பேச்சைக் கேட்டு அவர்கள் சிரித்தார்கள், அவர்கள் பேச்சைக் கேட்டு நான் முகத்தைச் சுளித்தேன். துறைமுகத்தில் முப்பது வருஷம் மூட்டை தூக்கி ஓய்ந்துபோன கபூர் பாய் மட்டும், “டீச்சரம்மா இன்னா பேசறாங்கன்னு எனக்கு வெளங்குது. தூத்துக்குடி கப்பல்ல வர்ற ஆளுங்க இப்டிதான் இழுத்துகினு பேசுவாங்க” என்று எனக்காகப் பரிந்து பேசினார். ஒரு மாதத்தில் எல்லோரும் அவரவர் பெயரை எழுதிவிட்டார்கள். எழுதுவது, எச்சில் தொட்டு அழிப்பது, மறுபடி எழுதுவது. நான் கோவைக்கொடியின் இலையால் தேய்த்து அழித்துப் படித்தவள். எச்சிலைப் பார்த்தால் குமட்டும். அதனால் ஒரு ஈரத்துணியைப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன்.

அந்தச் சமயத்தில்தான் முதல் பொதுத் தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் எடுக்கத் தெருவுக்கு ஆள் வந்தது. என் வகுப்பிலேயே சுறுசுறுப்பானவள் அஞ்சலையம்மாள். கணவர் பெயர் என்ன என்று கேட்டதும் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரி தெருவில் வழங்கும் பட்டப்பெயரைச் சொல்லிவிட, ‘நெட்டையன்’ என்று அது தாளில் ஏறிவிட்டது. வகுப்பில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். “ஓட்டு போடச்சொல்லோ நெட்டையன் சம்சாரம் யாருன்னு கூவுவான். நீ ஜம்முனு எந்திரிச்சிப் போ” என்றார் கபூர் பாய். அஞ்சலையம்மாளும் சிரித்தாள். ஆனால் அவள் கண் சிரிக்கவில்லை.

நம் பக்கத்திலும் இதே வழக்கம் உண்டு. கணவன்மார் கொழும்பில் இருந்த பெண்களுக்குப் பன்னிரண்டு வயதில் நான்தான் கடிதம் எழுதுவேன். கடிதம் முழுக்கச் சொல்லிவிட்டு, மேல்விலாசம் வந்ததும் ஊமையாகிவிடுவார்கள். ஒருத்தி சாமி படத்தைத் தொட்டுக் காட்டுவாள், இன்னொருத்தி பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு விடுவாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. இப்போதும் அதே எகத்தாளத்தில்தான் அஞ்சலையம்மாளிடம் சொன்னேன்: “வாயாலதான சொல்லக் கூடாது பெரியம்மா? கையால எழுதுங்க.”

“தப்பு இல்லியே கண்ணு?”

“தப்பே இல்ல. படிச்சவ நான் சொல்லுதேன்லா.”

ஐந்து எழுத்துப் பெயர். மூன்று வாரம் பிடித்தது. ஒரு நாள் ஓர் எழுத்து, மறுநாள் அடுத்தது என்று தனித்தனியாக எழுதி வந்தவள், ஒரு வியாழக்கிழமை ஐந்தையும் வரிசையாக நிறுத்தினாள். அன்று நண்பகலில்தான் அவள் கணவர் ஒரு தோழரோடு கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு கடலுக்குப் போயிருந்தார். விடிந்ததும் கரைக்கு வருவது வழக்கம். கபூர் பாய் சிலேட்டைப் பார்த்து உரக்கப் படிக்க, அவள் வெட்கப்பட்டுக் காதைப் பொத்திக்கொண்டாள். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். நான் வழக்கம்போல, அழித்துவிட்டு இன்னொரு தடவை எழுதச் சொன்னேன்.

தன் பெயரை நூறு தடவை எச்சில் தொட்டு அழித்தவளுக்கு இப்போது கை போகவில்லை. இருக்கட்டும் கண்ணு, நாளைக்கு எழுதிக்கிறேன் என்றாள். சோம்பல் என்று நினைத்தேன். சிலேட்டை வாங்கி ஈரத்துணியால் ஒரே இழுப்பில் துடைத்துவிட்டேன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதையும் நான் பார்த்தேன். பார்த்துவிட்டு அடுத்தவளின் சிலேட்டைத் திருத்தப் போனேன்.

மறுநாள் விடிந்தபோது கம்பத்தில் கூண்டு ஏறியிருந்தது. கடல் கறுத்து, காற்று கடைப் பலகைகளை ஆட்டியது. மற்ற கட்டுமரங்கள் எல்லாம் இருட்டிலேயே காற்றின் குணம் தெரிந்து திரும்பிவிட்டன. அந்த ஒன்று மட்டும் வரவில்லை. நண்பகலில் அஞ்சலையம்மாளின் நாத்தனார் குப்பம்மாள், நாலைந்து பெண்களோடு நனைந்துகொண்டே எங்கள் கடை வாசலில் வந்து நின்றாள். சத்தம் போட்டிருந்தால் நான் பதில் பேசியிருப்பேன். அவள் மெல்லத்தான் சொன்னாள்.

“பொட்ட அழிக்கிறா மாரி எங்க தம்பி பேர அழிச்சிட்டியேமா. படிச்ச பொண்ணுன்னு உன்ன நம்புனோம்.”

அவ்வளவுதான். போய்விட்டார்கள். அண்ணன் பலகைகளைப் போட்டுக் கடையை மூடினான். அந்தத் தெருவில் நம் பக்கத்து ஆள் நாங்கள் ஒரே குடும்பம்தான். “யாரு ஒன்னக் கேட்டா கெழவிகளுக்குப் பாடம் சொல்லச் சொல்லி? அந்த மனுஷன் வரலைன்னா நாம இங்க இருக்க முடியாது பிள்ள. மழ விட்டதும் ஒன்ன ரயிலேத்தி விட்டுருதேன்” என்றான். மதினி சாமிக்கு விளக்கேற்றினாள். நான் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து எனக்கு நானே பாடம் சொல்லிக்கொண்டேன். பலப்பம் ஒரு கல். எழுத்து அந்தக் கல்லின் தூள். தூளுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? சொல்லிக்கொண்டே இருந்தேன். நடுவில் எழுந்து எழுந்து போய்க் கையைக் கழுவினேன். எத்தனை தடவை கழுவுவாய் என்று மதினி கேட்டபோதுதான் அப்படிச் செய்துகொண்டிருக்கிறேன் என்பதே எனக்குத் தெரிந்தது.

சனிக்கிழமை காற்று இன்னும் மூர்க்கமாயிற்று. குடிசைகளின் கூரை பிய்ந்துபோய் தெரு ஜனங்கள் எல்லோரும் பொதுக்கூடத்தில் ஒண்டியிருப்பதாகச் செய்தி வந்தது. வீட்டில் உட்கார்ந்திருக்கும் பயம் அங்கே போகும் பயத்தைவிடப் பெரிதாகிவிட்டது. அண்ணன் கண்ணில் படாமல் பின்வாசல் வழியாக நனைந்துகொண்டே போனேன். பஜனைக்குரிய நாள், பாட்டு இல்லை. நான் உள்ளே நுழைந்தேன். யாரும் திட்டவில்லை. யாரும் நகர்ந்து இடம் விடவுமில்லை. அஞ்சலையம்மாள் சுவரோரமாக, மடியில் சிலேட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாளாகத் தண்ணீர்கூட இறங்கவில்லை என்று கபூர் பாய் என் காதருகே சொன்னார்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “எனக்குக் கை வரல. எய்திக் குடு” என்றாள்.

உட்கார்ந்து எழுதினேன். ஓட்டு இடுக்கிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்து மூன்றாவது எழுத்து கரைந்தது. ஐயோ என்று யாரோ முனகினார்கள். மறுபடி எழுதினேன். அடுத்த சொட்டு. முந்தானையால் மறைத்துக்கொண்டு எழுதினேன், முந்தானையிலிருந்தே தண்ணீர் வடிந்தது. அதற்குள் கூடம் முழுவதும் என்னைச் சுற்றி வந்துவிட்டது. குப்பம்மாள் என் தலைக்கு மேல் ஒரு முறத்தைப் பிடித்தாள். அந்த நேரத்தில் எனக்குப் படிப்பு, பள்ளிக்கூடம், பலப்பம் ஒரு கல் என்கிற பாடம் எதுவும் ஞாபகத்தில் இல்லை. இந்த ஐந்து எழுத்து நின்றால் அவர் நிற்பார் என்று நம்பினேன். அப்படி நான் நம்பியதுதான் புயலைவிட என்னைப் பயமுறுத்தியது.

“பலப்பம் நிக்காதும்மா. இத்தப் புடி” என்று கபூர் பாய் ஓர் ஆணியை நீட்டினார். அந்த ஆணியால் சிலேட்டில் கீறினேன். பல் கூசும் சத்தம். ஒவ்வொரு எழுத்தையும் பத்துப் பதினைந்து தடவை, விரல் தோல் உரியும்வரை கீறினேன். முடிந்ததும் அஞ்சலையம்மாள் அதன்மேல் எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை. சிலேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, எவரோ கொடுத்த கஞ்சியை ஒரு வாய் குடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டது. தெற்கிலிருந்து திரும்பி அடித்த காற்று கட்டுமரத்தை வடக்கே தள்ளிக்கொண்டு போய் எண்ணூருக்கு அப்பால் மணலில் எறிந்திருந்தது. மரம் பிளந்துவிட்டது. ஆட்கள் இருவரும் திருவொற்றியூர் வழியாகக் கடற்கரையோடே நடந்து வந்தார்கள். தெருவே ஓடியபோது நான் கடைக்குள்ளேயே நின்றேன். அஞ்சலையம்மாளின் கணவர் வீட்டுக்குப் போகுமுன் கூடத்துக்குப் போய் அந்தச் சிலேட்டைப் பார்த்தாராம். விரலால் எழுத்துகளைத் தடவினாராம். “இதா நானு? இன்னாடி, இம்மாம் ஒல்லியா கீறேன்” என்றாராம். மறுநாள் குப்பம்மாள் கடைக்கு வந்து, நடந்ததை எல்லாம் மறந்துவிட்டவள்போல உப்புக் கேட்டாள். அண்ணனும் மறந்துவிட்டவன்போலவே நிறுத்துக் கொடுத்தான்.

அழித்தது நானா, காப்பாற்றியது நானா என்று என்னை யாரும் கேட்கவில்லை. இரண்டுமே இல்லை என்று சொல்லப் படிப்பு இருக்கிறது. ஆனாலும் அதற்குப் பிறகு வகுப்பில் எவரையும் அழிக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு பக்கம் நிறைந்தால் திருப்பி எழுதச் சொன்னேன். அந்தப் பக்கமும் நிறைந்தால், வீட்டுக்குக் கொண்டுபோய் அழித்து வரச் சொன்னேன்.

மார்கழியில் அம்மாவிடமிருந்து, வேறு ஆள் எழுதிய கடிதம் வந்தது. நேரில் பேச வேண்டிய விஷயம், உடனே புறப்பட்டு வரவும் என்று இருந்தது. அது என்ன விஷயம் என்று நம் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். கூடத்தில் சொல்லிக்கொள்ளப் போனபோது அஞ்சலையம்மாள் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த தன் சிலேட்டைக் கழற்றினாள். பின்பக்கத்தில், நான் சொல்லித்தராமலே, எழுத்துக் கூட்டி என் பெயரை எழுதினாள். ஒரு கொம்பு மட்டும் இடம் மாறியிருந்தது. நான் திருத்தவில்லை.

“நீ திரும்பி வர்ற வரிக்கும் யாரையும் தொட வுட மாட்டேன். போயிட்டு வா கண்ணு” என்றாள்.

இதை ஊரிலிருந்துதான் எழுதுகிறேன். அம்மா எனக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் போடுகிறாள். நாளை மறுநாள் பெண் பார்க்க வருகிறவர்களுக்காக வாசல் வெள்ளையடித்தாகிவிட்டது. மாப்பிள்ளைக்குத் திருச்செந்தூர்ப் பக்கம் கடை, பெண் வெளியில் போக வேண்டியதில்லை என்று சொல்லி மகிழ்கிறாள். மகள் கண்ணெதிரே இருப்பாள் என்பது அவள் ஆசை. அது தவறில்லை. ஆனால் காலையில் கதவைத் திறந்ததும் நான் வானத்தைப் பார்ப்பதில்லை. இல்லாத கம்பத்தை வடக்கே தேடுகிறேன். இன்று காலை இங்கே தூறல் விழுந்தது. மழை என்று ஊரே சந்தோஷப்பட்டபோது, ராயபுரத்துக் கூடத்தின் ஓட்டு இடுக்கு என் நினைவுக்கு வந்தது. சிலேட்டின் ஒரு பக்கத்தில் அவர் பெயர் ஆணியால் கீறியது. அது எதற்கும் போகாது. என் பெயரை அவள் பலப்பத்தால்தான் எழுதியிருக்கிறாள்.