கறிவேப்பிலைக்குக் கிடைத்த நாற்காலி

அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் பிஸ்கட்டவேயில் மே மாதத்தை நம்ப முடியாது. பகலில் வியர்க்கும், பொழுது சாய்ந்தால் ஸ்வெட்டர் தேட வேண்டும். அதனால் குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் காப்பாற்றிய கறிவேப்பிலைச் செடியைத் தினமும் காலையில் வீட்டின் பின்பக்க மரத்தளமான டெக்கில் வைத்து, மாலையில் உள்ளே கொண்டுவருவோம். தொட்டி இரண்டு பேர் தூக்கினால்தான் அசையும். ஒருநாள், வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் என் கணவர் அதைத் தன் ஆபீஸ் நாற்காலியில் ஏற்றிவிட்டார். சக்கரம் இருக்கிறதே, தள்ளிக்கொண்டு போகலாம். நான் அதில் உட்கார்ந்தாலே உயரம் மாறிவிட்டது என்று முணுமுணுக்கிறவர், மூன்று வாரம் நாற்காலியைச் செடிக்கே விட்டுவிட்டு, மீட்டிங் எல்லாவற்றிலும் நின்றுகொண்டே பேசினார்.

"செடிக்கு ப்ரமோஷன் குடுத்துட்டீங்க போல."

அவர் சிரிக்கவில்லை.

ஜூன் முதல் சனிக்கிழமை, "போதும், எனக்கு முதுகு வலிக்குது. இனிமே இது வெளியவே இருக்கட்டும்" என்றார். இருவருமாகத் தொட்டியை டெக்கில் இறக்கினோம். நுனியெல்லாம் புதுத் துளிர். நாற்காலியைத் துடைத்து, ராஜா மாதிரி உட்கார்ந்தார்.

அன்று மாலையே காற்று சில்லென்று திரும்பியது. நான் எழுந்துபோய்ப் பார்த்தால், காலி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு டெக் கதவருகே நிற்கிறார்.

"ஒரு கை பிடியேன்" என்றார்.