கும்மிக்குக் கொட்டியவர்கள்

பெரியநாயக்கன்பாளையத்தில் அறை கேட்டுப் போன முதல் வீட்டில், வீட்டுக்கார அம்மா என்னை நாற்காலியில் உட்காரவைத்து, "நீங்க யாருங்க?" என்று கேட்டார். பெயரைச் சொன்னேன். "அது சரிங்க அம்மணி. நீங்க யாருங்க?" பம்ப் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருப்பதாகச் சொன்னேன். "சந்தோசமுங்க. ஊருல நீங்க யாருன்னு கேட்டனுங்க." தூத்துக்குடி, அப்பா துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறார் என்றேன். அந்த அம்மா சிரித்தார். டம்ளர் நிறைய மோர் கொடுத்தார். "பாத்துச் சொல்றனுங்க" என்று கேட் வரை வந்து வழியனுப்பினார். நான் முட்டாள்தனமாக அவருடைய போனுக்குக் காத்திருந்தேன். அடுத்தடுத்த வீடுகளிலும் இதே கேள்வி, இதே சிரிப்பு. அவர்கள் கேட்டது என் சாதியை என்று எனக்கு உறைக்கவே சில வீடுகள் ஆயின. எங்கள் ஊரில் பிடிக்காதவர்களை வாசலில் வைத்தே விரட்டிவிடுவார்கள். விரட்டப்பட்டது அந்த நிமிடமே தெரியும். இங்கே மோர் குடித்து, நன்றி சொல்லி, பஸ் ஏறி, மறுநாள் வேலையில் நிற்கும்போதுதான் தெரிகிறது.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களே, கோயம்புத்தூர்க்காரர்களின் மரியாதையைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். வேலைக்காக இங்கே வந்து என்னைப்போல் அறை தேடி அலைந்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. கடைசியில் ஒரு பெண்கள் விடுதியில் இடம் கிடைத்தது. அங்கேயிருந்துதான் என் வலைப்பூவைத் தொடர்ந்து எழுதினேன்.

'கொட்டுச்சத்தம்' என்ற அந்த வலைப்பூவைக் கல்லூரியில் படிக்கும்போது தொடங்கினேன். மாதா கோயில் திருவிழாவுக்கு வரும் பேண்டு செட், சாவு வீட்டுக் கொட்டு, கொடை விழா நையாண்டி மேளம் என்று காதில் விழுந்ததையெல்லாம் போனில் பதிவு செய்து, யார் வாசித்தார்கள், எந்த இடத்தில் தாளம் மாறியது, ஏன் மாறியது என்று எழுதுவேன். வாரம் ஒரு பதிவு. படிப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் பதிவு வராத வாரம் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். கல்லூரி நாட்களில் ஒரு பதிவுக்கு மூன்று நாள் மெனக்கெடுவேன். வேலையில் சேர்ந்த பிறகு எனக்கு மிஞ்சியது ஞாயிற்றுக்கிழமை மட்டும். ஆறு நாளும் ஓடுகிற பம்புகளின் நடுவே நின்றுவிட்டு வந்தால் காதுக்குள் ஒரு இரைச்சல் தங்கிவிடும். உருமியின் இழுப்பைக் கேட்கிறேனா, மோட்டார் சத்தத்தையா என்று எனக்கே குழப்பமாக இருக்கும். மதிய உணவு இடைவேளையில் ஒரு கையால் சோறும் ஒரு கையால் போனுமாக இரண்டு பத்தி எழுதுவேன். எங்கள் பிரிவு மேலாளர் கதிர்வேல் அதைப் பார்த்துவிட்டு, "ப்ளாக் எழுதறீங்களாமா? நல்லதுங்க. கண்ணாலம் ஆனா தானா நின்னுபோயிருமுங்க" என்றார். அவர் அதை வாழ்த்தாகத்தான் சொன்னார். நான் டப்பாவை மூடிவைத்தேன்.

என்னோடு வேலை செய்த நித்யாதான் கும்மிக்குக் கூப்பிட்டாள். காரமடைப் பக்கம் அவளுடைய ஊர்க் கோயில் திடலில் கும்மி அரங்கேற்றம். அவளும் ஆடுகிறாள், கதிர்வேல் சாரின் மனைவியும் ஆடுகிறார். "நோம்பிக்கு வாங்கக்கா, உங்க ப்ளாக்குல போடலாம்" என்றாள். நோம்பி என்றால் இங்கே திருவிழா. கோவை வந்த பிறகு என்னை ஒருவர் மனதோடு கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. போனேன். ஒரே நிறச் சேலையில் நூற்றுக்கணக்கான பெண்கள் வட்டம் வட்டமாகச் சுற்றிவந்தார்கள். நடுவில் பாட்டு வாத்தியார் மைக்கைப் பிடித்துப் பாடினார். திடலின் ஓரத்தில் நான்கு பேர் தப்பட்டையும் உருமியுமாக நின்று கொட்டினார்கள். பாட்டு போகப்போக வாத்தியாருக்கு மூச்சு வாங்கியது. அவர் பின்தங்கிய ஒவ்வொரு இடத்திலும் தப்பட்டை ஓர் அடி முன்னால் போய் நின்று அவரை இழுத்துவந்தது. பெண்களின் கால்கள் வாத்தியாரைக் கேட்கவில்லை, தோலைத்தான் கேட்டன. நான் அழுதுவிடும் நிலையில் இருந்தேன்.

முடிந்ததும் எல்லோரும் மண்டபத்துக்குப் பந்திக்குப் போனார்கள். நான் கொட்டியவர்களைத் தேடிப் போனேன். அவர்கள் வந்த வண்டி திடலுக்குப் பின்னால் நின்றது. அதன் நிழலில், தரையில் உட்கார்ந்து, பொட்டலச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மூத்தவர் ஆறுச்சாமி எழுந்து நின்று கையைக் கழுவப் போனார். நான் தடுத்து உட்காரவைத்தேன். நால்வர் பெயரையும் கேட்டு, என் போன் நம்பரையும் கொடுத்தேன். "மண்டபத்துல சாப்பிடலையா?" என்றேன். என் பேச்சு அவருக்குப் புரியவில்லை போலிருந்தது. மறுபடி கேட்டேன். "இங்கயே கொண்டாந்து குடுத்துப்போட்டாங்க. காத்தோட்டமா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார். புரியாதது அவருக்கல்ல.

அடுத்த ஞாயிறு எழுதினேன். பாட்டைப் பற்றி, தாளத்தைப் பற்றி, பெண்களின் கால்களைப் பற்றி. திடலைச் சுற்றிக் கட்டியிருந்த பேனர்களில் பந்தல் போட்டவர் வரைக்கும் படம் இருந்தது, கொட்டியவர்கள் யாருமில்லை என்று எழுதி, நால்வர் பெயரையும் போட்டேன். கடைசிப் பத்தியில் வண்டி நிழலையும் பொட்டலத்தையும் எழுதினேன்.

என் வலைப்பூவை எங்கள் ஊரிலேயே பத்துப் பேர் படிப்பதில்லை. இந்தப் பதிவைக் காரமடையிலிருந்து சூலூர் வரைக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டார்கள், கடைசிப் பத்தியைச் சிவப்பு வட்டம் போட்டு. திங்கட்கிழமை நித்யா சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனாள். கதிர்வேல் சார் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"உக்காருங்க அம்மணி. டீ சொல்லட்டுங்களா?"

"வேண்டாம் சார்."

"அருமையா எழுதியிருக்கீங்க. எங்க ஊட்டுல படிச்சுப்போட்டு அழுதுட்டாங்க. அந்தக் கடைசிப் பத்தி மட்டும் எடுத்துப்போடுங்க."

"அது நடந்ததுதானே சார்."

"நடந்ததெல்லாம் எழுதோணுமுங்களா? வெளியூருலருந்து வந்திருக்கீங்க. இன்னும் ப்ரொபேஷன் முடியல. நல்ல பேரு வாங்கோணுமில்லீங்க?"

அவர் குரல் கடைசிவரை உயரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்தேன்.

மறுநாள் மதியம் ஆறுச்சாமி போன் செய்தார். நன்றி சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, கேன்டீனைவிட்டு ஓடிவந்து எடுத்தேன். "அம்மணி, எங்க பேரை எடுத்துப்போடுங்க" என்றார். "நாங்க சொல்லித்தான் நீங்க எழுதுனீங்கன்னு பேசிக்கறாங்க. அடுத்த நோம்பிக்குக் கூப்புட மாட்டாங்க. உங்களுக்கு மாசச் சம்பளமுங்க. எங்களுக்கு இதானுங்களே." பேனரில் இல்லாத பெயர்களை நான் போட்டேன். இப்போது நானே அழிக்க வேண்டும். அன்று சாயங்காலம் நான்கு பெயர்களையும் எடுத்தேன். 'கேட்டுக்கொண்டதால் பெயர்கள் நீக்கப்பட்டன' என்று ஒரு வரி சேர்த்தேன். கடைசிப் பத்தியை எடுக்கவில்லை.

வேலையைவிட்டு என்னை யாரும் அனுப்பவில்லை. சூலூர் பக்கம் உள்ள கம்பெனியின் கிடங்குக்கு மாற்றினார்கள். "அங்க வேலை கம்மிங்க, உங்களுக்கு எழுத நேரம் கெடைக்கும்" என்றார் கதிர்வேல் சார். அங்கே என் வேலை, கட்டி வைத்த பெட்டிகளின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைச் சரிபார்ப்பது. படித்த படிப்பு பெட்டிக்கு உள்ளே கிடந்தது.

மாதா கோயில் திருவிழாவுக்கு ஊருக்குப் போனேன். தேர் சுற்றி முடிந்து, தெருவெல்லாம் பிரியாணி வாசம். பேண்டு செட்காரர்களைத் தேடினேன். கோயில் சுவருக்கு வெளியே, சைக்கிள் நிறுத்தும் இடத்தில், டிரம்மைக் கழற்றி வைத்துவிட்டு வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து கேட்டு, பிறகு எழுதி, கொண்டாடிய செட். உள்ளே பந்தியில் போய் உட்கார்ந்து அம்மாவிடம் கேட்டேன்.

"அம்மா, இவங்களுக்கு ஏன் உள்ள எலை போடல?"

"அவியளுக்கு எப்பவும் அங்கதான் குடுப்பாவ. நீ இப்ப என்னத்துக்கு கேக்க?"

"கோயம்புத்தூர்ல இதுதான் நடந்துச்சு. அதைத்தான் எழுதினேன்."

அண்ணன் இலையிலிருந்து நிமிர்ந்தான். "ஏட்டி, அங்க போயி அவனுவள எழுது. சொந்த ஊர அசிங்கப்படுத்துனேன்னா வீட்டுக்கு வராத. சொல்லிட்டேன்." பந்தியில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்கும்படி சொன்னான். அம்மா அவனை அடக்கவில்லை. என் இலையில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள், அவ்வளவுதான்.

அந்தச் சோற்றைச் சாப்பிடாமல் எழுந்தேன். திரும்பும் பஸ்ஸில், ஊர்ப் பெயரையும் கோயில் பெயரையும் மறைக்காமல், எங்கள் திருவிழாவைப் பற்றி எழுதினேன். வாசித்தவர்களின் பெயர்களை இந்த முறை முதலிலேயே விட்டுவிட்டேன். விடியும்போது பதிவு ஏறிவிட்டது.

சிங்காநல்லூரில் இறங்கி, விடுதிக்குப் போக நேரமில்லாமல், பையோடு நேராகச் சூலூர் டவுன் பஸ்ஸில் ஏறினேன். வேலைக்குப் போகும் கூட்டம். நடத்துனர் என் பெரிய பையைப் பார்த்துவிட்டு, "ஊருக்குப் போறீங்களா அம்மணி, ஊருலருந்து வாரீங்களா?" என்று கேட்டார். "சூலூர் ஒண்ணு" என்றேன். அவர் சீட்டைக் கிழித்துக் கொடுத்து, "பையை மடியில வெச்சுக்குங்க, நிக்கறவங்களுக்கு எடம் பத்தலை" என்றார். தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். ஜன்னலும் மறைந்தது, முன்னால் சாலையும் மறைந்தது. பைக்குள் போன் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. எந்த ஊரிலிருந்து என்று நான் எடுத்துப் பார்க்கவில்லை.